ஹாலே: மாநாட்டுப் பையோடு வந்த ஊர்சுற்றல், ஐந்துக்கு இரண்டரை

ஜெர்மனியின் ஹாலே ஊரைச் சுற்றிக் காட்டும் நடை, மூன்று மணி நேரம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதில் இருபத்தைந்து நிமிடம் உப்பு. எனக்குச் சொந்த ஊர் பொறையார், தாய்மாமன் வீடு வேதாரண்யம். உப்பைப் பற்றி எனக்கு இருபத்தைந்து நிமிடம் யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இங்கே ஊற்றிலிருந்து எடுத்த உவர்நீரைத் தொட்டியில் விட்டு, அடியில் நெருப்பு மூட்டிக் காய்ச்சி எடுத்தார்கள். நம் பக்கம் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஊருக்குக் காசு வந்த வழி அது என்பதால் சொல்லியாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து நிமிடம் போதும்.

ஜெர்மனியில் சாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாலேவுக்கு ஒரு கணிதப் பயிலரங்குக்காகப் போயிருந்தேன். பதிவுக் கட்டணத்தோடு ஒரு துணிப்பை தந்தார்கள். உள்ளே ஊர் வரைபடம், டிராம் பாஸ், ஒரு பேனா, பிறகு 'ஊரை அறிவோம்' என்கிற நடைக்கான சீட்டு. நடையை வெளியே ஒரு நிறுவனத்துக்குக் குத்தகை விட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம். அடுத்த வருடம் யாராவது நம் ஆட்கள் அந்த ஊருக்குக் கருத்தரங்குக்குப் போவார்கள், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஹாலே என்ற பெயரில் ஜெர்மனியிலேயே இன்னொரு ஊர் உண்டு, பெல்ஜியத்திலும் ஒன்று உண்டு. ரயில் டிக்கெட் எடுக்கும்போது அடைப்புக்குறிக்குள் 'சாலே' என்று இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பயிலரங்குக்கு வந்த ஒருவர் வேறு ஹாலேவுக்குப் போய் இறங்கி, முதல் நாள் காலை அமர்வைத் தொலைத்தார். பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பக்கத்து விமான நிலையத்துக்கு லைப்சிக், ஹாலே என்று இரண்டு ஊர்ப் பெயரும் உண்டு. ஸ்டேஷனிலிருந்து சந்தைச் சதுக்கத்துக்கு டிராமே வேண்டாம். லைப்சிகர் வீதி வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம்.

நடை சந்தைச் சதுக்கத்தில் தொடங்கியது. நாற்பது பேருக்கு ஒரே வழிகாட்டி. காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். எனக்கு வந்ததில் இடது காதில் மட்டும், அதுவும் வழிகாட்டி வலப்பக்கம் திரும்பினால் மட்டும் கேட்டது. மாற்றிக் கேட்டேன், கைவசம் வேறில்லை என்றார்கள். அரை நட்சத்திரம் அதற்கே போயிற்று. வழிகாட்டிப் பெரியவர் மேல் எனக்குக் குறையில்லை. எழுபதை ஒட்டிய வயது, கிழக்கு ஜெர்மனி காலத்தில் வளர்ந்தவர், கிண்டலாகப் பேசத் தெரிந்தவர். கையில் கொடுத்த தாளில் இருந்ததைத்தான் அவர் சொல்ல முடியும்.

சதுக்கம் அழகு, அதில் சந்தேகமில்லை. ஐந்து கோபுரங்கள் ஒரே பார்வையில் விழுகின்றன. நான்கு சந்தைத் தேவாலயத்துடையவை, ஐந்தாவது தனியாக நிற்கும் செங்கோபுரம். இரண்டு பழைய தேவாலயங்களை இடித்துவிட்டு, அவற்றின் கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் 1529 முதல் புதிதாக ஒன்றைக் கட்டி இணைத்திருக்கிறார்கள். அதனால்தான் முன்பக்கக் கோபுரங்களும் பின்பக்கக் கோபுரங்களும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. உள்ளே மார்ட்டின் லூதரின் இறப்பு முகமூடி, அதாவது இறந்தபின் முகத்திலிருந்து எடுத்த அச்சு, இருக்கிறது. 1546இல் அவர் உடலை விட்டன்பர்க்குக் கொண்டுபோகும் வழியில் இங்கே ஓர் இரவு வைத்திருந்தார்கள். சதுக்கத்தின் நடுவில் இசையமைப்பாளர் ஹேண்டலின் சிலை. 1685இல் இந்த ஊரில் பிறந்து, இந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, இங்கிருந்த சின்ன ஆர்கனில் கை பழகி, பிறகு லண்டனுக்குப் போய்ப் பெரியவரானவர். ஊர்க்காரர்களுக்கு அவர்மேல் உள்ள உரிமை, திருவையாற்றுக்காரர்களுக்குத் தியாகராஜர் மேல் உள்ளதற்குக் குறைந்ததல்ல. நம்மவர் ஊரைவிட்டுப் போகவில்லை, இவர் போய்விட்டார், அதுதான் வேறுபாடு. இசையில் ஆர்வமிருந்தால் அவர் பிறந்த வீட்டு மியூசியத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

அடுத்து பல்கலைக்கழகம். இங்கே நடை வேகம் பிடித்துவிட்டது, அதுதான் எனக்கு எரிச்சல். வந்திருந்தவர்கள் எல்லோரும் வாத்தியார்கள். ஊரை அறிமுகப்படுத்துகிறேன் என்று வாத்தியார்களைக் கூட்டிவந்து, படியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு இரும்புச் சிங்கங்களோடு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்தால் எப்படி? 1694இல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1817இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தை இதோடு சேர்த்தார்கள். இங்கேதான் 1754இல் டோரோத்தேயா எர்க்ஸ்லேபன் மருத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஜெர்மனியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். இன்றைய கானாவிலிருந்து சிறுவனாக ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆன்டன் வில்ஹெல்ம் ஆமோ 1727இல் மாணவராகச் சேர்ந்து, பின்னால் இங்கேயே தத்துவம் கற்பித்தார். பக்கத்துச் சாலையோரத்தில் ஓர் ஆப்பிரிக்க ஆணும் பெண்ணும் நிற்கும் வெண்கலச் சிலை இருக்கிறது, ஆமோ நினைவாக ஒரு பலகையும் உண்டு. எங்கள் கூட்டம் அதைத் தாண்டித்தான் போயிற்று. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கச் சொல்லவும் இல்லை.

கிறிஸ்டியன் வோல்ஃப் கதையையும் விட்டுவிட்டார்கள். கணிதமும் தத்துவமும் சொல்லிக்கொடுத்தவர். 1721இல் ஒரு விழாவில் சீனர்களின் நெறிமுறையைப் பற்றிப் பேசினார். வேதம் வெளிப்படாத நாட்டிலும் கன்ஃபூசியஸ் மாதிரி ஒருவர் அறிவைக் கொண்டே நல்லொழுக்கத்துக்கு வழி கண்டார் என்பது பேச்சின் சாரம். இறையியல் வாத்தியார்கள் கொதித்துவிட்டார்கள். மனு மேல் மனு போயிற்று. 1723இல் பிரஷ்ய அரசர் 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டுப் போ, இல்லாவிட்டால் தூக்கு என்று உத்தரவு போட்டார். அடுத்த அரசர் வந்தபின் 1740இல் வோல்ஃப் பெருமையோடு திரும்பினார். டிபார்ட்மென்ட் அரசியலில் தலை தப்பிய எந்த வாத்தியாருக்கும் இந்தக் கதை பிடிக்கும். நான் இதை அங்கே போவதற்கு முன்பே படித்துவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இந்த வோல்ஃபைத் துரத்திய இறையியல் வாத்தியார்களில் ஒருவர் பெயர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. இந்த இடத்தில்தான் பொறையார்க்காரிக்குக் காது நீளும்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு சீகன்பால்கு என்பது பள்ளிக்கூடத்துப் பெயர். பக்கத்திலே தரங்கம்பாடி. 1706இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன்காரர் பார்த்தலோமேயுஸ் சீகன்பால்கு ஹாலேவில் படித்தவர், பிராங்கேயின் ஆள். அனுப்பியவர் டென்மார்க் அரசர், வழிநடத்தியது ஹாலே. தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் அச்செழுத்துகளை முதலில் இந்த ஹாலேவில்தான் வெட்டினார்கள். ஓலையிலிருந்து எழுதி அனுப்பிய வடிவங்களைப் பார்த்து, தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத கைகள் வார்த்த எழுத்துகள். அவை 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. எழுத்து ரொம்பப் பெரிது, காகிதம் விழுங்கியது. அதனால் அங்கேயே சின்னதாக மறுபடி வார்த்தார்கள். அப்படியும் காகிதம் போதாமல் எங்கள் பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டுப் பார்த்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்குப் பெயர். சின்ன வயதில் அந்தப் பெயருக்கு எனக்குக் காரணம் தெரியாது. ஏதோ தபாலாபீஸ் இருந்த இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடை பிராங்கே சதுக்கத்துக்கு வந்தது. அங்கே ஒரு மேம்பாலம் இருக்கிறது, கிழக்கு ஜெர்மனி காலத்துக் கான்கிரீட், பிராங்கேயின் கட்டடத்துக்கு நேர் எதிரில், முகத்தில் கையை வைத்த மாதிரி. பெரியவர் அந்த மேம்பாலத்தின் அடியில் நின்று, "அதோ, பழைய அனாதை விடுதி, பள்ளிக்கூடம். இனி சாக்லேட் கடைக்குப் போகலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு வந்திருந்த திருச்சி ஆராய்ச்சி மாணவி, "மேடம், உள்ள போகமாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். போகவில்லை. இன்னொரு நட்சத்திரம் அங்கே விழுந்தது.

இதற்கு முந்தைய நாளே நான் தனியாகப் போய்ப் பார்த்திருந்தேன், கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை. அங்கே பெரும்பாலான மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பது தெரியாமல், ஓர் அமர்வைக் கட்டடித்துவிட்டுப் போனது என் முட்டாள்தனம். புதன்கிழமை மதியம் ஓய்வு விட்டார்கள். மாணவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

இந்த இடத்துக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். 1695இல் உண்டியலில் யாரோ போட்ட 4 தாலர் 16 குரோஷன் காசை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார் பிராங்கே. மூன்று வருடத்தில் இந்தப் பெரிய விடுதிக்கு அடிக்கல் போட்டுவிட்டார். பிறகு மருந்து விற்பனை, புத்தகக் கடை, அச்சகம், பைபிள் அச்சிட ஒரு தனி நிறுவனம் என்று அது ஒரு சின்ன நகரமாகவே வளர்ந்தது. பின்னால் போனால் ஆறு மாடி மரச்சட்ட வீடு ஒன்று, தெருவே எழுந்து நின்றதுபோல நீளமாகப் போகிறது. இன்றைக்கும் அங்கே பள்ளிகள் நடக்கின்றன. மணியடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். பக்தியும் வியாபார மூளையும் ஓர் ஆளுக்குள் இவ்வளவு சண்டையில்லாமல் குடியிருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒருவேளை நம் மடங்களில் பார்த்திருக்கலாம்.

மாடிப்படி ஏறி ஓட்டுக்கூரைக்கு அடியில் போனால் அதிசய அறை. 1698இல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் சேர்க்கத் தொடங்கிய பொருள்கள். 1741இல் ஒழுங்குபடுத்திய விதத்திலேயே அலமாரிகள் நிற்கின்றன. ஒவ்வொரு அலமாரியின் தலையிலும் உள்ளே என்ன இருக்கிறதோ அதையே ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். சங்கு அலமாரிக்கு மேல் சங்கு, கல் அலமாரிக்கு மேல் கல். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும் அட்டவணை. கூரையிலிருந்து முதலை ஒன்று தொங்குகிறது. பூமி நடுவிலா சூரியன் நடுவிலா என்ற விவாதத்துக்கு ஆளுயரச் சக்கரமாதிரிகள் செய்து வைத்திருக்கிறார்கள். இறைபக்திக்காரர்கள் நடத்திய விடுதியில் இரண்டு கட்சிக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

'மலபார்' அலமாரிக்கு முன்னால் மாணவி நின்றுவிட்டாள். அந்தக் காலத்து ஐரோப்பியருக்கு மலபார் என்றால் கேரளம் மட்டுமல்ல, நாமும்தான். ஓலைச்சுவடியைக் காட்டி, "மேடம், தமிழ்தானே? ஏன் எனக்கு வாசிக்க வரல?" என்றாள். புள்ளி இல்லை என்றேன். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று வைக்கமாட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா என்பது வாசிக்கிறவர் பொறுப்பு. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். இருவரும் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று கூட்டிப் பார்த்தோம். நாலைந்து எழுத்துகள் பிடிபட்டன, சொல் பிடிபடவில்லை. காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வந்து எங்களையும் ஓலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களும் சுவடிகளும் இதே வளாகத்து ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கும் என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் எனக்குச் சிலிர்க்கவில்லை, குழப்பமாக இருந்தது. மதம் மாற்றப் போன மனிதர் சீகன்பால்கு. போன இடத்தில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்று, நம் நூல்களைத் தேடிச் சேர்த்து, 1708இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நம் சாமிகளின் வம்சாவளி என்று 1713இல் ஒரு பெரிய நூலும் எழுதி அனுப்பினார். பிராங்கே அதை அச்சிடவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறாயா என்ற தோரணையில் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். அது அச்சேறியது 1867இல், சென்னையில். சீனரைப் புகழ்ந்தவரைத் துரத்தியதும் இதே ஊர், தமிழ் ஓலையை முந்நூறு வருடம் பூச்சி அரிக்காமல் வைத்திருப்பதும் இதே ஊர். தமிழ் இலக்கண நூல் ஒன்றை லத்தீனில் 1716இல் அச்சிட்டதும் இங்கேதான். சீகன்பால்கு இடையில் ஒருமுறை ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்த பயணத்தில் அவரோடு கப்பலேறி வந்த தமிழ் உதவியாளர் மலையப்பன். இந்தக் குளிரில் என்ன சாப்பிட்டாரோ. எனக்கு அந்தக் கவலைதான் முதலில் வந்தது.

எங்கள் துறைக்காரர்களுக்கு ஒன்று. கணிதவியலாளர் கியோர்க் கான்டர் 1869இல் இங்கே வந்தவர், 1918இல் இங்கேயே இறந்தார். முடிவிலிகள் எல்லாம் ஒரே அளவல்ல, மெய்யெண்களை ஒன்று இரண்டு என்று எண்ணித் தீர்க்க முடியாது என்று நிறுவியது இங்கே வேலை பார்க்கும்போதுதான். பெர்லினில் இடம் கிடைக்குமென்று வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. சின்ன ஊர்க் கல்லூரியில் முப்பது வருடம் ஓட்டிய எனக்கு அவரை நெருக்கமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆற்றுக்கு மேற்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளாகக் கட்டிய நொய்ஸ்டாட் பகுதியில் அவருக்கு ஒரு நினைவுக் கனசதுரம் இருக்கிறது. டிராமில் போகலாம். நடையில் அவர் பெயர் வரவே இல்லை, கணிதப் பயிலரங்குக்கு வந்தவர்களுக்கான நடையில்!

வரலாற்றுக்கு முந்தைய கால மியூசியத்தையும் விடாதீர்கள். நேப்ரா வான் தட்டு அங்கே இருக்கிறது. சுமார் 3,600 வருடப் பழைய வெண்கலத் தட்டு, 32 செ.மீ. அகலம், அதில் பொன்னால் பிறையும் விண்மீன்களும் பதித்திருக்கிறார்கள். 1999இல் புதையல் திருடர்கள் தோண்டி எடுத்து, கைமாறிக் கைமாறி, 2002இல் சுவிட்சர்லாந்தில் போலீஸ் வலைவிரித்து மீட்டது. தட்டில் ஏழு மீன்கள் ஒரு கொத்தாக இருக்கின்றன, அது கார்த்திகைக் கூட்டம் என்கிறார்கள். நமக்கு அது அறுமீன். ஏழாவதை அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று மாணவி கேட்டாள். இருட்டறையில் அந்தத் தட்டு மட்டும் வெளிச்சத்தில் நிற்கிறது. இருபது நிமிடம் அங்கேயே நின்றோம்.

சாப்பாடு: சைவக்காரர்கள் பட்டினி கிடக்கவேண்டாம், பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் தினமும் ஏதாவது ஒன்று இருந்தது. உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு, வியாழக்கிழமை பருப்பு சூப். ஊறுகாய்ப் பாக்கெட் கொண்டுபோங்கள். நடை முடிந்த சாக்லேட் கடை, 1804இல் தொடங்கிய ஹல்லோரன் நிறுவனத்துடையது, ஜெர்மனியிலேயே பழைய சாக்லேட் தொழிற்சாலை. அவர்களுடைய உருண்டை உப்பளத் தொழிலாளர் சட்டைப் பொத்தானின் வடிவம், உள்ளே பாதி வெள்ளை, பாதி பழுப்பு. எனக்கு ஒன்றுக்கு மேல் திகட்டியது. இரண்டு பெட்டி வாங்கினேன், ஒன்று மயிலாடுதுறை வந்து சேர்வதற்குள் ஒரே கட்டியாகிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் கத்தியால் வெட்டித்தான் பங்கு போட்டோம்.

கடைசி நாள் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். 'நடையில் என்ன மாற்றலாம்?' என்ற கேள்விக்கு ஒரு வரி இடம். உப்பில் இருபது நிமிடத்தைக் குறைத்து, மேம்பாலத்துக்கு அடியில் நிற்கிற நேரத்தில் படியேறச் சொல்லுங்கள் என்று எழுதினேன். மாணவி தன் படிவத்தில் என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. அவள் தமிழில் எழுதிவிட்டாள் என்பது மட்டும் மடிக்கும்போது கண்ணில் பட்டது, புள்ளியெல்லாம் வைத்து.